அணிசெய்தவர் பெயர்: ஒலிவாரெஸ் பிரபுவின் உருவகச் சித்திரம் குறித்து

ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் முதன்மை அமைச்சராக விளங்கிய ஒலிவாரெஸ் பிரபுவைக் காட்டும் செப்புத்தகட்டுச் செதுக்கோவியம் ஒன்று 1626ஆம் ஆண்டையொட்டி ஆண்ட்வெர்ப் நகரில் உருவானது. அதன் அடியில் மூன்று கலைஞர்களின் பெயர்கள் லத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளன. மூலவுருவம் வெலாஸ்குவெஸினுடையது என்றும், ரூபென்ஸ் அதனை அணிசெய்து காணிக்கையாக்கினார் என்றும், பாலுஸ் பொன்டியுஸ் செதுக்கினார் என்றும் அக்குறிப்பு தெரிவிக்கின்றது. ரூபென்ஸ் தாம் 'வரைந்ததாக'க் கூறவில்லை; 'அணிசெய்ததாக'க் கூறுகின்றார். அக்காலத்து ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியராகப் போற்றப்பட்ட ஒருவர் தம் பங்கினை இவ்வளவு குறுக்கிச் சொல்லியிருப்பது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது.

ஐரோப்பியச் சித்திரம் ஒன்றினைத் தமிழாய்வு இதழில் ஆராய்வதற்குக் காரணம் கூறவேண்டிய கடப்பாடு உண்டு. பாடாண் துறையையும் மெய்க்கீர்த்தியையும் பயிற்றுவிப்போர் இருவகை மாணவரை எதிர்கொள்கின்றனர். ஒரு சாரார் புகழுரையை அப்படியே வரலாறாக ஏற்றுக்கொள்வர். மற்றொரு சாரார் பரிசிலுக்காகச் சொன்ன பொய்யென ஒதுக்கிவிடுவர். இவ்விரு நிலைகளுக்கும் அப்பால் புகழ்ச்சிக் கலையை வாசிக்க வழியுண்டா என்பதே இங்குள்ள சிக்கல். நமக்குப் பற்றோ பகையோ இல்லாத ஓர் அயல்நாட்டுப் பிரபுவின் படத்தை முன்வைத்துச் சிந்திப்பது இதற்கு உதவக்கூடும். உள்ளூர் வேந்தன் என்றால் நம்மில் பலர்க்கு நடுவுநிலை எளிதில் வாய்ப்பதில்லை.

செதுக்கோவியத்திற்காக ரூபென்ஸ் தம் கையால் தீட்டிய முன்வரைவு இன்று பிரசல்ஸ் நகரிலுள்ள அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. மரப்பலகையின் மேல் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒருநிறச் சாயலில் அமைந்த வரைவு அது. செதுக்குபவருக்கு வண்ணத்தால் பயனில்லை. ஒளி எங்கே, நிழல் எங்கே என்பது தெரிந்தால் போதும். ஆகவே நிறங்கள் விலக்கப்பட்டன. நடுவில் நீள்வட்டச் சட்டத்தினுள் பிரபுவின் மார்பளவு உருவம். அதன் இருபுறமும் சிறகு முளைத்த குழந்தைகள் இருவர். ஒரு குழந்தையிடம் அறிவுத் தெய்வமாகிய மினர்வாவின் கேடயமும், மற்றொன்றிடம் மாவீரன் ஹெர்குலிஸின் தண்டாயுதமும் சிங்கத்தோலும் காணப்படுகின்றன. தீப்பந்தங்கள் எரிகின்றன. உச்சியில் தன் வாலைத் தானே கவ்வி வளையமாய்ச் சுருண்ட பாம்பு; அவ்வளையத்தின் நடுவே ஒரு விண்மீன். கீழே லத்தீன் பாட்டு. மாணவரிடம் இப்படத்தைக் காட்டினால் அவர்களது கண் முதலில் பாம்பின் மேல்தான் படிகின்றது. பிரபுவின் முகத்திற்கு வந்துசேரச் சற்று நேரம் பிடிக்கின்றது. அணி மிகுந்து பொருள் ஒதுங்கிவிட்டது எனக் குறை கூறலாம். ஆயினும் அவ்வொதுக்கம் இப்படத்தின் இயல்பை அறிவதற்கு ஒரு திறவுகோல் எனலாம்.

'அணி' என்னும் நம் சொல் நகையையும் குறிக்கும். செய்யுளின் அலங்காரத்தையும் குறிக்கும். ரூபென்ஸ் கையாண்ட லத்தீன் வினையும் ஏறத்தாழ அவ்வாறானதே. பூட்டிய நகையைக் கழற்றவும் முடியும் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். தண்டியலங்காரம் பயின்றோர்க்கு உவமை, உருவகம், பிறிதுமொழிதல் என்னும் படிநிலைகள் தெரிந்தவையே. அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் ஐரோப்பியப் பிரபுக்களின் உருவகச் சித்திரங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல என்பது புலப்படும். இத்தாலியின் ஜெனோவா நகரக் கடற்படைத் தலைவர் ஆண்ட்ரியா டோரியாவை 16ஆம் நூற்றாண்டில் புரோன்சினோ தீட்டிய ஓவியம் மிலான் நகரின் பிரேரா கூடத்தில் உள்ளது. அதில் டோரியா கடல் தெய்வமாகிய நெப்டியூனாகவே நிற்கின்றார். ஆடை களைந்த முதிய உடல், கையில் சூலம், பின்னால் கப்பற்பாய். இங்கு உவமானமும் உவமேயமும் வேறுபாடின்றி ஒன்றாகிவிட்டன. தூய உருவகம் இது. டோரியாவை நீக்கினால் நெப்டியூனும் மறைவான்.

ரூபென்ஸின் ஒலிவாரெஸ் அப்படியல்லர். அவர் ஹெர்குலிஸாக ஆகவில்லை. தண்டாயுதத்தை அவர் தொடக்கூட இல்லை. அது சட்டத்திற்கு வெளியே, ஒரு குழந்தையின் பொறுப்பில் உள்ளது. சட்டத்தினுள்ளே அக்காலத்து மனிதர் ஒருவர் அக்காலத்து உடையில் அமைந்திருக்கின்றார். சட்டத்திற்கு வெளியே தொன்மம் சூழ்ந்துள்ளது. இரண்டுக்குமிடையே ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கின்றது. அக்கோட்டினை இழுத்ததே ரூபென்ஸின் நேர்மை என்பது என் கருத்து.

இந்நேர்மைக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. இப்படத்தை வரைந்தபோது ரூபென்ஸ் ஒலிவாரெஸை நேரில் கண்டதில்லை. அவர் 1628ஆம் ஆண்டில்தான் மதிரிட்டுக்குச் சென்று பல மாதங்கள் தங்கினார். 1626இல் அவர் கைவசம் இருந்தது வெலாஸ்குவெஸின் ஓவியத்தின் வழிவந்த முகம் மட்டுமே. அப்போது ரூபென்ஸுக்கு வயது 49, வெலாஸ்குவெஸுக்கு 27. ஸ்பெயினுக்கு வெளியே பெரிதும் அறியப்படாதிருந்த அவ்விளைஞரின் பெயரை மூத்தவர் தம் பெயருக்கு முன்னால் நிறுத்தியமை பெருந்தன்மையாகவும் கொள்ளத்தக்கது. 'முகத்திற்கு நான் பொறுப்பல்லன்' என்னும் எச்சரிக்கையாகவும் கொள்ளத்தக்கது. இரண்டும் கலந்தே இருந்திருக்க வேண்டும்.

வெலாஸ்குவெஸ் இதே பிரபுவை எவ்வாறு காட்டினார் என்பதை ஒப்புநோக்காமல் இதனை விளங்கிக்கொள்ள இயலாது. 1624ஆம் ஆண்டில் அவர் தீட்டிய ஒலிவாரெஸின் முழுவுருவ ஓவியம் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ அருங்காட்சியகத்தில் உள்ளது. கருப்புடை அணிந்த பருத்த உடல். மார்பில் கலத்ராவா வீரர்குழுவின் செஞ்சிலுவை. இடைக்கச்சையில் ஒரு சாவியும், குதிரை வீரர் காலணியின் பின்புறம் பூட்டும் குதிமுட்களும் செருகப்பட்டுள்ளன. சிறகு முளைத்த குழந்தை இல்லை. பாம்பும் விண்மீனும் இல்லை. சாவி அரசரின் தனியறைப் பணிக்குரிய பதவியின் அடையாளம். குதிமுட்கள் அரண்மனைக் குதிரைலாயத் தலைமையின் அடையாளம். அரசரின் அறைக்குள்ளும் அவர் வெளியே புறப்படும்போதும் அருகில் நிற்கும் உரிமை இவருக்கே உண்டு என்பதை அவ்விரு சிறு பொருள்கள் உணர்த்திவிடுகின்றன. ஹெர்குலிஸின் தண்டாயுதத்தை விட அந்தச் சாவிதான் அச்சம் தருகின்றது. ஏனெனில் அது உண்மையிலேயே பூட்டைத் திறந்தது.

அப்படியாயின் ரூபென்ஸின் அணி வெறும் வெற்று ஆரவாரமா? அவ்வாறு தள்ளிவிடுவது அவசரமாகும். உச்சியிலுள்ள விண்மீனை எடுத்துக்கொள்வோம். அது ஹெஸ்பெருஸ், அதாவது அந்தியில் மேற்கே தோன்றும் வெள்ளி. மேற்குத் திசை நாடு என்னும் பொருளில் 'ஹெஸ்பேரியா' என்பது ஸ்பெயினுக்குப் புலவர் வழங்கிய பெயர். இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. நான்காம் பிலிப்பை அவர்தம் அவையோர் 'கோள் மன்னர்' எனப் போற்றினர். பழைய வானநூலின் வரிசையில் திங்கள், புதன், வெள்ளி ஆகியவற்றை அடுத்து நான்காவதாக நிற்பது ஞாயிறு. நான்காம் பிலிப்பு ஞாயிறு எனில், ஞாயிற்றை விட்டு விலகாமல் அதனைப் பின்தொடர்ந்து ஒளிரும் வெள்ளியே அமைச்சர். இதனைவிடச் செறிவாக ஓர் அமைச்சரின் நிலையை ஒரு விண்மீனால் சொல்ல முடியாது. வெள்ளி ஒளிர்வதும் ஞாயிற்றின் ஒளியாலேயே அல்லவா!

அந்தி வெள்ளியை அடுத்து இரவு வரும் என்பதையும், ஒலிவாரெஸ் 1643இல் பதவியிழந்து 1645இல் தோரோ நகரில் மாண்டார் என்பதையும் இணைத்து, ரூபென்ஸ் அன்றே வீழ்ச்சியை மறைமுகமாகச் சுட்டிவிட்டார் எனச் சிலர் சொல்லக்கூடும். அதனை நான் ஏற்கவில்லை. பின்னர் நிகழ்ந்ததை முன்னைய படத்தின் மேல் ஏற்றி வாசிப்பது கவர்ச்சியானது, ஆனால் பிழையானது. 1626இல் அத்தகைய ஐயம் எழ இடமில்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் நெதர்லாந்தின் பிரேடா நகரம் ஸ்பானியரிடம் பணிந்தது. டச்சுக்காரரிடமிருந்து பிரேசிலின் பஹியா மீட்கப்பட்டது. காடிஸ் துறைமுகத்தைத் தாக்கவந்த ஆங்கிலேயர் தோற்றுத் திரும்பினர். விண்மீன் உச்சியில் இருந்த காலம் அது.

தண்டாயுதம் பற்றியே அதிகம் சிந்திக்க வேண்டியுள்ளது. ஒலிவாரெஸ் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மாணவப் பருவத்திலேயே அதன் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பெரும் நூலகம் ஒன்றைச் சேர்த்தவர். ஆகவே மினர்வாவின் கேடயத்திற்கு அவர் ஓரளவு உரியவரே. ஆனால் அவர் போர்க்களத்தில் படை நடத்தியவர் அல்லர். ஹெர்குலிஸின் ஆயுதம் அவருக்கு எப்படிப் பொருந்தும்? இதற்கு விடை படத்தினுள் இல்லை. அவ்வாண்டின் அரசியலில் உள்ளது. ஸ்பானிய முடியின்கீழ் இருந்த நாடுகள் அனைத்தும் பங்களித்து 140,000 பேர் கொண்ட பொதுப்படை ஒன்றைத் திரட்டும் 'ஆயுத ஒன்றியம்' என்னும் திட்டத்தை ஒலிவாரெஸ் அப்போது வகுத்திருந்தார். கஸ்தீலும் அமெரிக்கக் குடியேற்றங்களும் 44,000 பேர், கட்டலோனியா 16,000 பேர், போர்த்துகல் 16,000 பேர் எனப் பங்கு பிரிக்கப்பட்டது. ரூபென்ஸின் தாய்நாடாகிய ஃபிளாண்டர்ஸின் பங்கு 12,000 பேர். தண்டாயுதம் பிரபுவின் கையில் இல்லாமல் வேறொருவர் கையில் இருப்பது இப்பின்னணியில் பொருளுடையதாகின்றது. தாங்கவேண்டியவர்கள் பிறர். இதனை ரூபென்ஸ் எண்ணியே செய்தார் என்று நிறுவ நான் முற்படவில்லை. எனினும் புகழ்ச்சிக் கலையின் அணிகள் 'இவர் இத்தகையவர்' என்று கூறுவதைக் காட்டிலும் 'இவரிடமிருந்து இது வேண்டப்படுகின்றது', 'இவர் இதனைக் கோருகின்றார்' என்று கூறுகின்றன எனக் கொள்வது பொருத்தமாகும். அவை சான்றிதழ்கள் அல்ல, விண்ணப்பங்கள். இந்நோக்கில் வாசித்தால் மெய்க்கீர்த்தியின் மிகைகளும் பயனுள்ள வரலாற்றுச் சான்றுகளாகும்.

கட்டலோனிய அவை 1626இலேயே இத்திட்டத்தை ஏற்கவில்லை. சுமை கூடியதன் விளைவாக 1640இல் கட்டலோனியாவும், அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளன்று போர்த்துகலும் கிளர்ந்தெழுந்தன. நம் நாட்டு வரலாற்றுக்கும் இதில் ஓர் இழை உண்டு. 1511 முதல் போர்த்துகீசியர் வசமிருந்த மலாக்கா, 1580இல் போர்த்துகீசிய முடி ஸ்பானிய மன்னரிடம் சென்றதன் பின்னர் மதிரிட்டுக்கு உட்பட்ட பேரரசின் கோடியில் இருந்தது. ஆகவே இப்படத்திலுள்ள மனிதர் இருபது ஆண்டுக்காலம் மலாக்காவின் மேலும் அதிகாரம் செலுத்தியவர். லிஸ்பன் கிளர்ந்த சில வாரங்களில், 1641 ஜனவரி 14ஆம் நாள், பல மாத முற்றுகைக்குப் பின்னர் மலாக்கா டச்சுக்காரரிடம் வீழ்ந்தது. இரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடிக் காரணத் தொடர்பு இல்லை. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் காக்கமுடியாத ஓர் ஆட்சியின் இருவேறு எல்லைகளில் அவை நிகழ்ந்தன.

ரூபென்ஸின் நிலைப்பாட்டை மதிப்பிட மற்றொரு பிரபுவையும் பார்க்க வேண்டும். ஒலிவாரெஸின் எதிராளியாகிய ஆங்கிலப் பிரபு பக்கிங்ஹாம் அவர். 1625இல் பாரிஸ் நகரில் ரூபென்ஸ் அவரைச் சந்தித்து, சுண்ணக்கோலால் அவரது தலையை மட்டும் வரைந்தார். வியன்னாவின் அல்பெர்டினா தொகுப்பிலுள்ள அவ்வரைவில் அணி எதுவுமில்லை. சுருள்முடியும் கூர்தாடியும் தன்னழகை அறிந்த பார்வையும் மட்டுமே உண்டு. அத்தலையே பின்னர் பாயும் குதிரையின் மேல் ஏறியது. அமெரிக்காவின் ஃபோர்ட் வர்த் நகரக் கிம்பெல் அருங்காட்சியகத்திலுள்ள வண்ண முன்வரைவில் கீழே நெப்டியூனும் நீர்மகளும், மேலே சிறகுடைய புகழ்மகளும், பின்னால் கப்பற்படையும் பக்கிங்ஹாமைச் சூழ்கின்றன. கடற்படைத் தலைவருக்குக் கடல் தெய்வமே பணிகின்றது. அதே ஆண்டில்தான் அவர் அனுப்பிய கடற்படை காடிஸில் கண்டெடுத்த மதுப்பீப்பாய்களைக் குடித்துத் தீர்த்துவிட்டு அவமானத்துடன் திரும்பியது. அக்காலத்துக் கடிதமொன்றில் பக்கிங்ஹாமின் செருக்கையும் மனம்போன போக்கையும் ரூபென்ஸ் கண்டித்து, அவரது அறிவுரையால் இடர்ப்படும் இளம் மன்னருக்காக இரங்கியுள்ளார். 1628 ஆகஸ்டு 23ஆம் நாள் போர்ட்ஸ்மத் நகரில் பக்கிங்ஹாம் குத்திக் கொல்லப்பட்டார். முன்வரைவின் அடிப்படையில் தீட்டிய பெரிய ஓவியமும் 1949இல் ஒரு தீவிபத்தில் அழிந்தது.

பகைவர் இருவரையும் ஒரே கை ஏறத்தாழ ஒரே காலத்தில் தொன்மங்களால் அணிசெய்துள்ளது. கடிதத்தில் ஒன்று, பலகையில் மற்றொன்று என்பதால் ரூபென்ஸை இரட்டை நாக்கினர் எனக் கூறுவோரும் உளர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1624இல் நான்காம் பிலிப்பிடம் உயர்குடிப் பட்டம் பெற்றவர் அவர். பக்கிங்ஹாமுக்குத் தம் தொன்பொருள் தொகுப்பைப் பெருந்தொகைக்கு விற்றவரும் அவரே. ஆயினும் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அமைதி ஏற்படத் தூதராக உழைத்தவர் என்பதையும் மறத்தலாகாது. 1630இல் அவ்வுடன்பாடு கைகூடியது. பிரபுக்களின் கதவைத் திறக்க அவரிடமிருந்த சாவி தூரிகை ஒன்றே. கலை என்ற அளவில் என் மதிப்பீடு வேறு. வியன்னாவிலுள்ள அணியற்ற தலை உயிருள்ளது. பிரசல்ஸ் வரைவு அறிவார்ந்தது, ஆனால் குளிர்ந்தது. அதன் நடுவிலுள்ள முகம் மட்டும் வேறொருவரிடமிருந்து இரவல் பெற்றது என்பதைக் கண் உடனே உணர்ந்துகொள்கின்றது.

முகம் மாறினாலும் அணி நிலைத்திருக்கும் என்பதற்கு அந்நூற்றாண்டிலேயே ஒரு வேடிக்கையான சான்றுண்டு. வான் டைக்கின் ஓவியத்தைத் தழுவிப் பியேர் லொம்பார்ட் செதுக்கிய குதிரைவீரர் படத்தில் தலை மட்டும் தேய்த்து நீக்கப்பட்டு மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டது. கிராம்வெல்லும், பதினான்காம் லூயியும், கிராம்வெல்லின் தரப்பினரால் தலை துண்டிக்கப்பட்ட முதலாம் சார்ல்ஸும் அதே குதிரையின் மேல், அதே கவசத்துடன் ஏறி இறங்கினர். தலையற்ற நிலையில் அச்சான படியும் இன்று கிடைக்கின்றது.

ஒலிவாரெஸை உருவகத்தில் வைத்த மற்றொரு படைப்பு மதிரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹுவான் பவுத்திஸ்தா மயினோ தீட்டிய 'பஹியா மீட்பு' அது. ஒலிவாரெஸின் மேற்பார்வையில் எழுந்த புவென் ரெத்திரோ அரண்மனையின் பெருங்கூடத்திற்காக 1635ஐ ஒட்டி நிறைவேறியது. வெற்றிபெற்ற படைத்தலைவர் டொன் ஃபத்ரீக்கே, மண்டியிட்ட டச்சு வீரர்களுக்கு ஒரு சித்திரத் திரையைச் சுட்டிக்காட்டுகின்றார். திரையில் மன்னர் நிற்கின்றார். மினர்வா ஒருபுறமும் ஒலிவாரெஸ் மறுபுறமும் அவர் தலைமேல் வாகைமாலையைப் பிடித்துள்ளனர். காலடியில் பகைமையின் உருவங்கள் மிதிபடுகின்றன. ரூபென்ஸ் இட்ட கோட்டினை மயினோ வேறுவகையில் இட்டிருக்கின்றார். உருவகம் முழுவதும் துணியின் மேல் உள்ளது. துணிக்கு வெளியே மனிதர்கள் உள்ளனர். முன்புறத்தில் காயமுற்ற வீரன் ஒருவனின் புண்ணை ஒரு பெண் துடைத்துக்கொண்டிருக்கின்றாள். அவளருகில் வேறு பெண்களும் குழந்தைகளும் நிற்கின்றனர். அவள் திரையை நோக்கவில்லை.

திரையைச் சுட்டும் அந்தப் படைத்தலைவர் 1634இல் மீண்டும் பிரேசிலுக்குப் படைநடத்த மறுத்து ஒலிவாரெஸுடன் பிணங்கினார். சிறையில் இடப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் மதிப்பிழந்த நிலையில் இறந்தார். அவரது கை மட்டும் பெருங்கூடத்தின் சுவரில் அமைச்சரின் உருவத்தைச் சுட்டியபடியே இருந்தது.